‘ப.க.’ என்று எழுதியவர்

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “தண்ணி எப்படிங்க அம்மிணி குடிப்பீங்க?” என்பது.

நான் இரண்டு கைகளையும் அவர் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். இடது உள்ளங்கை முழுக்க வெடித்து, வெடிப்புக்குள் சிவந்து, ஓரமெல்லாம் நீர் வடிகிறது. வலது கையில் விரல் நுனிகளில் மட்டும் கொஞ்சம். இதைப் பார்க்காமல் தண்ணியைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வாயாலதான் சார்” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அது தெரியுதுங்க. மடக்கு மடக்கா குடிப்பீங்களா, ஒரே மூச்சுல சொம்பைக் கவுத்துவீங்களா?”

ஒரே மூச்சு என்றேன். எழுதிக்கொண்டார். அப்புறம் எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பேன், இனிப்பு பிடிக்குமா உப்பு பிடிக்குமா, அரிப்பு வெயிலில் கூடுமா மழையில் கூடுமா, இடி இடித்தால் பயமா, கோபம் வந்தால் கத்துவேனா உள்ளேயே வைத்துக்கொள்வேனா என்று ஒவ்வொன்றாக வந்தார். கடைசிக் கேள்விக்கு, “அதை எங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க சார், விலாவாரியா சொல்லுவாரு” என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் அவர் ஹோமியோபதி டாக்டர். வீட்டின் முன் அறைதான் ஆஸ்பத்திரி. இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, சுவர் நிறையச் சின்னச் சின்ன பாட்டில்கள். வாசலில் இருந்த பலகையில் அவர் பெயர் இருந்தது. ஆனால் எங்கள் லைன் வீடுகளில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ‘சீனி டாக்டர்’ என்றால்தான் தெரியும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகளைத் தருவார். கையால் தொடக் கூடாது, மூடியில் கொட்டி அப்படியே நாக்கில் போட வேண்டும். காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூர வாடை கூடாது. முக்கியமாக, மேலே எந்தக் களிம்பும் தடவக் கூடாது. “களிம்பு போட்டா நோவு போகாதுங்க. உள்ளார போயி உக்காந்துக்கும்” என்பார்.

நான் சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி. இரண்டாயிரத்து மூன்று வாக்கில் நானும் வீட்டுக்காரரும் பிழைக்க வந்தோம். அவர் நிட்டிங் மிஷினுக்குப் போனார், நான் செக்கிங்குக்குப் போனேன். ஏற்றுமதிக்குப் போகிற வெள்ளைத் துணி. அதில் ஒரு பொட்டு கறை இருந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். அப்படிப்பட்ட இடத்தில் கையில் கரப்பான் வந்து ரத்தம் கசிகிறவளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சூப்பர்வைசர் என் கையைப் பார்க்கிறபோதெல்லாம் நான் முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வேன். அந்த வேலை போனால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். ஊரில், காய்ச்சலில் போய்ச் சேர்ந்த எங்கள் ஒன்றரை வயதுப் பையன் தவழ்ந்த வீடு இருந்தது. அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைய இரண்டு பேருக்குமே தெம்பு இல்லை. அதற்காகத்தான் சீனி டாக்டரின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் அவர் என் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எனக்கென்று ஒரு நோட்டில் எழுதினார். அதற்குக் கீழே தொழில் என்று அச்சடித்த இடத்தில் என்னைக் கேட்காமலே ஏதோ இரண்டு எழுத்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எதிரில் இருந்து தலைகீழாகப் படித்தேன். ‘ப.க.’ என்று இருந்தது.

“அது என்ன சார்?”

“பனியன் கம்பெனிங்க. இந்த ஊர்ல தொழில்னு கேட்டா வேற என்னத்தைங்க சொல்லப் போறீங்க?”

இரண்டு பேருமே சிரித்தோம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே. ரேஷன் கார்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, எல்லாருக்கும் நாங்கள் சொல்கிற பதில் அது ஒன்றுதான்.

யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டு மூடிவிடுவார். அப்புறம்தான் பேனா மூடியைத் திறப்பார். உள்ளே இருந்து அவர் மனைவி, “ஏனுங்க, சோறு ஆறிப் போச்சுங்க” என்று மூன்று தடவை குரல் கொடுத்தாலும் அவர் காதில் விழாது. கம்பெனியில் மணியடித்தால் உட்கார்ந்து, மணியடித்தால் எழுந்து, பாத்ரூம் போனால்கூட வாட்ச்மேன் நேரம் பார்க்கிற எங்களுக்கு, ஒரு மனுஷன் எங்களுக்காகக் கடிகாரத்தைக் கழற்றி வைப்பது பெரிய மரியாதையாக இருந்தது. எனக்கு அந்த டிராயர் மூடுகிற சத்தம் பிடிக்கும்.

கனவு என்றால் அவருக்கு உயிர். “என்ன கனவுங்க வந்துச்சு?” என்று முன்னால் சாய்ந்து கேட்பார். கனவே வருவதில்லை என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் எங்கள் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்தே கனவு தயார் செய்ய ஆரம்பித்தார்கள். கட்டிங் மாஸ்டர் ஒருவர், பாம்பு துரத்துவது போலச் சொல்லப் போவதாக எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து முழி பிதுங்க வெளியே வந்தார். “பாம்பு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, என்ன கலரு, நீங்க ஓடுனீங்களா நின்னீங்களான்னு கேட்டு உசுரை எடுத்துட்டாரு. இனிமே கனவே வேண்டாஞ்சாமி” என்றார். பெஞ்சே சிரித்தது. உள்ளே அவர் அந்தப் பொய்ப் பாம்பை அக்கறையாக எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை போனபோது, “கடைசியா எப்பங்க அழுதீங்க?” என்று கேட்டார்.

நான் விளையாட்டாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பையன் கதை வந்துவிட்டது. காய்ச்சல் கண்ட நாள், மழையில் பஸ் வராமல் நின்றது, என் தோளிலேயே அவன் உடம்பு கனத்தது, எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூட நான் அதை முழுசாகப் பேசியதில்லை. அவர் முன்னால் பையன் பேச்சு எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். திருப்பூர் வந்த பிறகு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தேன். டாக்டர் எழுதவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். நான் முடித்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மடக்கு மடக்காகக் குடித்தேன்.

“பையன் கனவுல வருவானுங்களா?”

“ஒரு நாளும் வரலை சார். அவன் முகத்தை ஒரு தடவை பாத்துக்கிடலாம்னுதான் படுக்கேன். வரமாட்டேங்கான்.”

“வந்தா சொல்லுங்க அம்மிணி. கட்டாயம் வந்து சொல்லோணும். என்ன சட்டை போட்டிருந்தான், என்ன பேசினான், எல்லாம் எனக்குச் சொல்லோணும்.”

உண்மையைச் சொன்னால், அதற்கப்புறம் நான் கைக்காகப் போனேனா, அவர் கேட்பதற்காகப் போனேனா என்று எனக்கே தெரியாது.

கை சரியாகவில்லை. கூடிக்கொண்டே போனது. போய்ச் சொன்னால், “கூடுதுங்களா? நல்லதுங்க. மருந்து வேலை செய்யுது. உள்ளார இருக்கறதை வெளிய தள்ளுது” என்பார். இடையில் பொங்கலுக்கு வீட்டுக்காரரின் அக்கா ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தோம். திரும்பி வந்தபோது உள்ளங்கை ஆறி, புதுத்தோல் பளபளவென்று இருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவு சந்தோஷத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. கம்பெனிக்குப் போன நாலாம் நாள் மறுபடியும் வெடித்தது. அதைப் போய்ச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவரைக் குடைந்த விஷயம் வேறு. “ஏனுங்க இடது கையிலயே இத்தனை வருது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அவர் படிப்பில் நோய் எந்தப் பக்கம் வருகிறது என்பது பெரிய கணக்காம். இடது பக்கத்துக்கென்றே தனி மருந்துகள் உண்டாம். தடித்தடியான புத்தகங்களில் சீட்டுச் செருகி வைத்திருப்பார். நான் போகும்போதெல்லாம் ஒரு புதுச் சீட்டு கூடியிருக்கும். இடது கையால் எழுதுவீங்களா என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் இடது பக்கம் எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டார். இடது காதில் சீழ் வந்ததுண்டா என்று கேட்டார். கடைசியாக, வெடிப்புக்கென்று ஒரு மருந்து மாற்றிக் கொடுத்தார்.

அந்த மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கையில் சீழ் கோத்துக்கொண்டது. முழங்கை வரை வலி, காய்ச்சல். “தள்ளுதுங்க அம்மிணி, இன்னும் நாலு நாள் பொறுத்துக்குங்க” என்றார். நான் ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் ஒரு வெள்ளைப் பீஸின் கழுத்துப் பட்டியில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. சூப்பர்வைசர் அதைத் தூக்கிப் பிடித்து, “அக்கா, நாளைக்கு வெளிநாட்டு பையர் இன்ஸ்பெக்‌ஷன். இந்தக் கையோட இனி லைன்ல உக்காராதீங்க” என்றான். மோசமான பையன் இல்லை. அவனுக்கும் வேலை போய்விடும் என்ற பயம்.

வீட்டுக்காரர் என்னைப் பல்லடம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வரிசை வாசல் வரை நின்றது. உள்ளே இருந்த டாக்டரம்மா என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார்.

“என்ன வேலை?”

“பனியன் கம்பெனி.”

“பனியன் கம்பெனில என்ன வேலை?”

அந்த இரண்டாவது கேள்வியை அதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் முதல் தடவையாகச் சொன்னேன். செக்கிங்கில் கறை எடுக்கிற வேலை. கன் என்று ஒன்று இருக்கும். அதில் மருந்து ஊற்றிக் கறைமேல் அடித்தால் எண்ணெய்க் கறை போய்விடும். நாள் முழுக்க அதுதான். டாக்டரம்மா, “கிளவுஸ் போடறதில்லையா?” என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சீழுக்கு மாத்திரை, களிம்பு, அந்த வேலையைத் தொடக் கூடாது என்று ஒரு சீட்டு. எல்லாம் இரண்டு நிமிஷம்கூட இல்லை.

சீட்டைக் காட்டியதும் கம்பெனியில் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒன்றரை மாதத்தில் கை ஆறிவிட்டது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனேன். கையைக் காட்டத்தான் போனேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. ஒன்பது நாள் காய்ச்சலோடு கிடந்தவளுக்கு இருக்காதா? பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் உள்ளே போனதும் அவர் வழக்கம் போல் கடிகாரத்தைக் கழற்றினார். கையைப் பார்த்து முகம் மலர்ந்தார். நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, “எல்லாத்தையும் கேட்டிய சார். நான் என்ன வேலை பாக்கேன்னு மட்டும் கேக்கலையே” என்றேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். என் நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தைப் பிரித்தார். தொழில்: ப.க. அதற்குக் கீழே நாலு பக்கத்துக்கு என் தாகம், என் தூக்கம், என் பயம், என் பையன். அந்த நோட்டை மூடிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார். ப.க. அதற்கடுத்தது. ப.க. பீரோவில் இருந்து ஒவ்வொன்றாக இழுத்து முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். நான் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்குப் பெஞ்சில் இருந்தவர்களை எல்லாம் அவர் திருப்பி அனுப்பிவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

மூன்று நாள் கழித்துச் சாயங்காலம் எங்கள் லைன் வீட்டு வாசலில் அவர் வண்டி வந்து நின்றது. கையில் என் நோட்டு. உள்ளே வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். இங்கே டிராயர் இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காலைல உள்ள போனதுல இருந்து சொல்லுங்க அம்மிணி. என்னென்ன தொடுவீங்க?”

சொன்னேன். அவர் எழுதினார்.

“அந்தக் கன்னுல என்னதுங்க ஊத்துவாங்க?”

“பேரு தெரியாது சார். டப்பாவுல ஒண்ணும் எழுதியிருக்காது. பெட்ரோல் வாடை அடிக்கும்.”

பேனா நின்றுவிட்டது. “நான் கடைசியா உங்களுக்குக் குடுத்த மருந்து என்னன்னு தெரியுங்களா?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? “பெட்ரோலியம்ங்க. அதுதான் அதோட பேரு. நெறயப் பட்டா எது நோவைக் கொண்டாருதோ, அதையே துளியாக் குடுத்தா நோவு போயிரும்ங்கறதுதானுங்க எங்க படிப்பு.” லேசாகச் சிரித்தார். “கம்பெனில நாளெல்லாம் குடுத்ததையேதான் நானும் குடுத்துட்டு இருந்திருக்கறனுங்க.”

சிரித்த மாதிரியே அவர் கண் நிறைந்துவிட்டது.

“இடது கை?” என்றார்.

எழுந்து நின்று காட்டினேன். இடது உள்ளங்கையில் துணியை விரித்துப் பிடிப்பேன். வலது கையில் கன். மேலிருந்து அடித்தால் மருந்து துணியைத் தாண்டிக் கீழே கையில் இறங்கும். அவ்வளவுதான் சார், என்றேன். அவர் தன் இடது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு மாசமுங்க அம்மிணி. இடது பக்கத்துக்கு மூணு மாசம் புஸ்தகம் படிச்சனுங்க.”

என் வீட்டில் இருந்து போனவர் அந்தப் பீரோவில் இருந்த நோட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். பிளீச்சிங்கில் நின்றவர், பிரிண்டிங் டேபிளில் சாயம் தேய்த்தவர், அயர்ன் டேபிளில் ஆவியோடு கிடந்தவர் என்று ஒவ்வொருவரிடமும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கிறார். சிலருக்குக் கிளவுஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சிலரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போயிருக்கிறார். சில லைன் வீடுகளில் வேறு குடும்பம் இருந்தது. பழைய ஆள், கை கெட்டு வேலைக்கு ஆகாமல் ஊருக்கே போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் அவர் மனைவி சந்தையில் வைத்துச் சொன்னது. “வந்து சோறு திங்காம உக்காந்தே இருக்கறாருங்க. போர்டையும் கழட்டிப் போட்டாரு. சேவூருக்கே, அவரு அண்ணன், எங்க மச்சாண்டார் தோட்டத்துக்கே போயிரலாங்கறாரு” என்றார். காய்களைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீங்க அன்னிக்கு அவருகிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க.”

அது கோபமாகச் சொன்னதில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை கைகள் வெந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது சரிதான். இருந்தாலும் அந்த டிராயர் சத்தத்தை ஊரிலேயே இல்லாமல் ஆக்கியவள் நான் என்பதும் சரிதான்.

இரண்டு வருஷம் கழித்து அவரைப் பார்த்தேன். திருப்பூரில், சேவூர் பஸ் நிற்கிற இடத்தில், கையில் உர மூட்டைக்கான வெறும் சாக்கோடு நின்றார். நரைத்துப் போயிருந்தார். “சௌக்கியமுங்களா அம்மிணி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். நூறு கேள்வி கேட்டு நூறு பதிலுக்கும் காத்திருந்த மனுஷன்.

“சார்” என்றேன். “பையன் வந்தான் சார். போன வாரம். கனவுல.”

சட்டென்று திரும்பினார். அவர் வலது கை தானாகவே இடது மணிக்கட்டுக்குப் போனது. அங்கே கடிகாரம் இல்லை. முகத்தில் அந்தப் பழைய ஆவல் ஒரு கணம் வந்தது. வாயைத் திறந்தார். கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். நான் வரிசையாக எல்லாம் சொல்லத் தயாராக நின்றேன்.

“எனக்குக் கேக்கத் தெரியாதுங்க அம்மிணி” என்றார்.

பஸ் வந்தது. ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் வெளியே பார்க்கவில்லை.

என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டிருப்பார். வெள்ளைப் பனியன் சார். ஒரு பொட்டுக் கறை இல்லை.